வாட்டர்கலர் அட்டைக் கட்டு: ஆறு மாதம் வரைந்து பார்த்த பிறகு

சபையில் உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போகும்போது, கையால் வரைந்த அட்டை ஒன்று கொண்டுபோவது என் வழக்கம். அதற்காகத்தான் இந்த 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை) அட்டைக் கட்டை வாங்கினேன். ஏ6 அளவு, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர். நாலு பூவும் ஒரு வசனமும் தாராளமாக அடங்கும்.

தடிமன் அருமை. நிறையத் தண்ணீர் விட்டாலும் லேசாகத்தான் வளைகிறது. ராத்திரி கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் (என் வீட்டில் அது வேதாகமம்தான்) காலையில் நேராகிவிடும். ஆனால் இது பருத்தித் தாள் இல்லை, மரக்கூழ். வண்ணம் சட்டென்று காய்ந்து ஓரத்தில் கோடு விழுகிறது. வானம் பூச வேண்டுமென்றால் கை ஓடியாக வேண்டும். இரண்டு தடவைக்கு மேல் துடைத்தால் பிசிறு எழும்புகிறது.

முதல் அட்டையில், அன்பைப் பற்றிய வேதாகம வசனமான 1 கொரிந்தியர் 13:4-ஐ சாதாரண ஜெல் பேனாவால் எழுதினேன். மேலே வண்ணம் பூசியதும் 'தயவு' என்ற சொல் மட்டும் நீலமாகக் கரைந்து ஓடியது. சரி, போகட்டும் என்று அப்படியே ஒரு பாட்டியிடம் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. "அழுத மாதிரி இருக்கும்மா, அதான் பிடிச்சுப்போச்சு" என்றார். அப்புறம் பிக்மென்ட் மை பேனாவுக்கு மாறிவிட்டேன். காய்ந்த பிறகு அது கரைவதில்லை.

பின்பக்கம்தான் எரிச்சல். வழவழப்பில் மை ஒட்டாமல் இழுபடுகிறது. பெயரைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். நாலு நட்சத்திரம். இரண்டாவது கட்டும் பாதி காலி.