டிஜிட்டல் பியானோவைக் கணினியோடு இணைக்க ‘முழு செட்’ விற்கிறார்கள்: ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் பகுதிக் கோயிலில் ஞாயிறுதோறும் திருமுறை வகுப்பு நடத்துகிறேன். தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்திற்கு முன் பிள்ளைகள் வீட்டிலேயே பாடிப் பழகட்டும் என்று, சில பதிகங்களின் மெட்டை டிஜிட்டல் பியானோவில் வாசித்து, கணினியில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப நினைத்தேன். இந்தச் சிறிய வேலைக்காக ஜார்ஜ்டவுனில் ஓர் இசைக்கருவிக் கடையில் 1,380 ரிங்கிட் கொடுத்தேன். உண்மையில் தேவைப்பட்ட பொருளோ எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என்னுடையது யமஹா பி-45. கடையில் மாடல் பெயரைச் சொன்னேனே தவிர, பியானோவின் பின்புறம் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் போகவில்லை. சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பியானோவை நகர்த்திப் பார்க்க யாருக்குத் தோன்றும்? கல்லாவில் இருந்தவர், “அண்ணே, பியானோவ நேரா கம்ப்யூட்டர்ல மாட்டுனா போர்டு எரிஞ்சு போயிரும், நடுவுல இண்டர்ஃபேஸ் வேணும்” என்றார். இது முழுப்பொய் என்பது எனக்கு அப்போது தெரியாது. மிடி கேபிள் (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற தகவலைக் கடத்துவது) 180, ஆடியோ இண்டர்ஃபேஸ் (வெளியிலிருந்து வரும் ஒலியைக் கணினி ஏற்கும் வடிவுக்கு மாற்றும் பெட்டி) 620, பதிவு மென்பொருள் 350, வீட்டுக்கு வந்து பொருத்தித் தரும் கூலி 230 என்று வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினார்கள். ரசீதில் மட்டும் ‘மியூசிக் செட் 1’ என்று ஒரே வரி.

பொருத்த வந்த தம்பி முதலில் மிடி கேபிளைப் பிரித்தார். அதன் ஒரு முனையில் ஐந்து ஊசிகள் கொண்ட இரண்டு வட்டத் தலைகள் இருந்தன. பியானோவின் பின்னால் எட்டிப் பார்த்தவர், அந்தத் தலைகள் நுழையும் துளையே அங்கு இல்லை என்று கண்டதும், “அங்கிள், இது அப்புறம் யூஸ் ஆகும்” என்று சொல்லி, மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டார். இண்டர்ஃபேஸையும் கணினி கண்டுகொள்ளவில்லை. கணினி பழையது, 280 ரிங்கிட்டுக்குப் புதிய மெமரி போட வேண்டும் என்றவர், ‘தற்காலிகமாக’ பியானோவின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்கு ஒரு கம்பியை இழுத்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஹெட்போன் துளையில் எதையாவது செருகினால் பியானோவின் சொந்த ஒலிபெருக்கி அடங்கிவிடும். நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டால் தகரக் கூரையில் மழை பெய்வது போன்ற இரைச்சல், கொஞ்சம் அழுத்தி வாசித்த இடமெல்லாம் ஒலி பிளந்து கிடந்தது. மைக் துளை என்பது மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்குறிப்பைப் பெருக்குவதற்காக அமைந்தது. ஹெட்போனுக்குப் போகும் வலுவான குறிப்பை அதில் செலுத்தினால் வேறென்ன நடக்கும்?

தங்கை மகன் வந்து பியானோவை முன்னால் இழுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல் மூலைகள் இரண்டும் சாய்வாக வெட்டப்பட்ட, ஏறக்குறைய சதுரமான ஒரு சிறிய யூ.எஸ்.பி. துளை, பக்கத்தில் ‘டு ஹோஸ்ட்’ என்ற எழுத்து. பிரிண்டர்களில் இருப்பதும் இதே துளைதான். வீட்டுப் பிரிண்டரின் கேபிளைக் கழற்றி மாட்டினான். கணினி உடனே பியானோவை அடையாளம் கண்டுகொண்டது.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்வது அவசியம். பி-45 போன்றவற்றின் யூ.எஸ்.பி. கேபிள் வழியே போவது ஒலி அன்று. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, பெடல் மிதிக்கப்பட்டதா என்ற மிடி தகவல் மட்டுமே. 88 கட்டைகளுக்கும் 21 முதல் 108 வரை எண்கள் உண்டு. வேகம் 1 முதல் 127 வரை பதிவாகும். ஒலியைக் கணினியில் உள்ள மென்பொருள் உண்டாக்கும். பி-125 போன்ற சில மாடல்கள் ஒலியையும் இதே கேபிளில் அனுப்பும். பியானோவின் சொந்த ஒலிதான் வேண்டும், கேபிளில் அது வராது என்றால்தான், வலுவான மின்குறிப்பை ஏற்கும் லைன் உள்ளீடு கொண்ட இண்டர்ஃபேஸ் தேவை. ஆகவே இண்டர்ஃபேஸ் வீண் பொருள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்கவே இல்லை என்பதுதான் என் குறை.

மெமரிக் கதையும் பொய்யே. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை, அதாவது கருவியைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருளை, இறக்கியதும் இண்டர்ஃபேஸ் வேலை செய்தது. கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்தே கணினியிலிருந்து ஒலி கேட்டது. அதற்கும் காரணம் கணினியின் வயது அன்று. மென்பொருளில் பஃபர், அதாவது ஒலியை வெளியிடும் முன் சேர்த்து வைக்கும் அளவு, 2,048 மாதிரிகள் என்று விடப்பட்டிருந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அது மட்டுமே 46 மில்லிநொடித் தாமதம். தாமதத்தைக் குறைப்பதற்கான ஆசியோ டிரைவரில் 128 என்று மாற்றியபோது அது ஏறக்குறைய 3 மில்லிநொடியாகக் குறைந்தது. 350 ரிங்கிட் மென்பொருளோ, “திறக்கும்போது இன்டர்நெட்ட ஆஃப் பண்ணிருங்க அங்கிள்” என்ற அறிவுரையோடு வந்த திருட்டுப் பிரதி. மூன்றாவது வாரம் நின்றுபோனது. இப்போது 60 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்க விடும் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன்.

கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள். ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’ எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்தேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை, விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நாமே அங்கு கொண்டு செல்லலாம். ‘மியூசிக் செட் 1’ ரசீது எதற்கும் உதவாது என்பதால் வாட்ஸ்அப் கணக்கை அச்சிட்டு இணைத்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது. விசாரணைக்கு நான்கு நாள் முன்பு கடையிலிருந்தே அழைத்து, கேபிள், மென்பொருள், கூலி மூன்றுக்குமான 760 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இண்டர்ஃபேஸை நானே வைத்துக்கொண்டேன். சமரசக் கடிதத்தில் கையெழுத்திட்டிருப்பதால் கடையின் பெயரை எழுத இயலவில்லை.

அதற்குள் தைப்பூசம் முடிந்துவிட்டிருந்தது.