சென்னை டூ லண்டன் தூரமும் நேரமும்: தண்டையார்பேட்டையில இருந்து பல வருஷ அனுபவம்

தங்கச்சி கல்யாணமாகி லண்டன் போனது 2019ல. நடுவுல கொரோனா சமயத்தை விட்டுட்டா வருஷா வருஷம் அம்மாவை நான்தான் கூட்டினு போறேன். கிளம்புறதுக்கு முன்னாடி, ரெண்டு ஊரு பேர் போட்டா தூரமும் நேரமும் சொல்ற வெப்சைட்டுங்களை பாத்துடுவேன். ஏன்னா அம்மா இன்சுலின் போடுறவங்க, டாக்டர் எப்பவும் மொத்தம் எவ்ளோ நேரம் ஆவுது, இங்க கிளம்பும்போது அங்க மணி என்ன எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு வாங்க, அதை வெச்சுதான் ஊசி நேரம் சொல்வேன்னு சொல்லுவாரு.

தூரத்தை நம்பலாம். எதுல போட்டாலும் 8,200 கிலோமீட்டர் கிட்டதான் வரும். 4,400 சொச்சம்னு காட்டுச்சுன்னா பயப்படாதீங்க, அது கடல் மைல், 1.852ஆல பெருக்குங்க. குளோப்ல நூல் இழுத்து பாத்தா சென்னையில இருந்து வடமேற்கா ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல் பக்கமா ஏறி போவும், அந்த குறுக்கு வழியோட அளவுதான் இது. ஆனா ஃப்ளைட் அப்படியே போறதில்ல. 2022 பிப்ரவரியில சண்டை ஆரம்பிச்சதுல இருந்து உக்ரைன் வானம் மூடி கெடக்கு, சுத்திதான் போறாங்க.

நேரத்துலதான் எனக்கு குறை. தூரத்தை ஒரே ஸ்பீடால வகுத்து, ஏற இறங்க அரை மணி சேத்து போடுறாங்க போல, போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம் காட்டுது. எங்களுக்கு நேர் ஃப்ளைட்ல போவும்போது 11 மணி நேரம் கிட்ட ஆச்சு, திரும்பும்போது 10 மணி நேரம்தான். மேல 10 கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா பலமா காத்து அடிக்குது, ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க, வரும்போது தள்ளி விடும், போவும்போது எதிர்ல நிக்கும், குளிர்காலத்துல இன்னும் ஜாஸ்தி.

இன்னொன்னு, டிக்கெட்ல ஏறுற மணி நம்ம மணி, இறங்குற மணி அவங்க மணி. மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மத்த மாசத்துல அஞ்சரை. ஒரு நவம்பர்ல பழைய கணக்குலயே எழுதிட்டேன், டாக்டர்தான் பாத்து திருத்துனாரு. இன்னிக்கும் நெனச்சா பதறுது.

வீட்டுல இருந்து ஏர்போர்ட் போற கணக்கை எந்த வெப்சைட்டும் சொல்லாது. முன்னெல்லாம் ஷேர் ஆட்டோல பீச் ஸ்டேஷன், அங்கிருந்து லோக்கல் ட்ரெயின்ல திரிசூலம், பெட்டிய தூக்கினு அம்மாவை படி ஏத்தி இறக்கணும். கார்னா துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரி நடுவுல மாட்டிக்கணும். 2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து தண்டையார்பேட்டையில ஏறுனா மாறாம ஏர்போர்ட்லயே இறங்கலாம், லிஃப்ட்டும் இருக்கு, இதுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும். விடிகாலை ஃப்ளைட்டுக்கு மட்டும் ராத்திரி 10 மணிக்கே கிளம்பிடுவோம், அப்புறம் மெட்ரோ கெடைக்காது.

அங்க இமிக்ரேஷன் லைன், அப்புறம் ஈஸ்ட்ஹாம் வரைக்கும் ட்யூப் ட்ரெயின், எல்லாம் கூட்டுனா இங்க கதவு பூட்டுனதுல இருந்து தங்கச்சி வாசல் வரைக்கும் 20 மணி நேரத்துக்கு மேல. டாக்டருக்கு இப்ப அந்த கணக்கைதான் எழுதி குடுக்குறேன். டிசம்பர் டிக்கெட் போட்டாச்சு, அஞ்சரை மணி நேரம்னு மேலயே செவப்பு பேனால எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்.