மெத்தா தியானம்: ஒரு வருஷம் தாண்டிய பிறகு எது நிற்கிறது

மெத்தா என்பது பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள சொல். நம் மெத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படுத்துக்கொண்டு செய்தால் ஐந்தாவது நிமிடம் குறட்டைதான். வடமொழியில் மைத்ரி, தமிழில் நல்லெண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் 10 நாள் விபாசனா தியான முகாம்களில், யாரும் யாரோடும் பேசாமல் இருப்பார்கள்; 10ஆம் நாள் காலை இதைச் சொல்லித்தந்த பிறகுதான் அந்த மௌனம் கலையும். அதனாலேயே பலருக்கு இது பந்தியின் கடைசியில் வரும் பாயசம் மாதிரி. தினசரிச் சாப்பாடாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரு அமர்வுக்கு 20 நிமிடம். நாற்காலி போதும், முதுகு சாயாமல் இருந்தால் சரி. முதல் 3 நிமிடம் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு நான்கே வாக்கியங்கள்: நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும், உடம்பு நோகாமல் இருக்கட்டும், நாள் நல்லபடியாகப் போகட்டும். வெளிமூச்சுக்கு ஒரு வாக்கியம். நிதானமாகச் சொன்னால் ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் பிடிக்கும். தனக்கு 4 நிமிடம், பிரியமானவருக்கு 5, பெரிதாகப் பழக்கமில்லாத ஒருவருக்கு 6, மிச்சம் 2 நிமிடம் எல்லோருக்கும்.

யாரை முதலில் எடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் இதில் கறாரானது. பகையாளியிடம் தொடங்காதே, காமம் கலக்கக்கூடியவரை எடுக்காதே, இறந்துபோனவரை எடுக்கவே எடுக்காதே என்கிறது. கடைசி விதி பலருக்கு உறைக்காது. பாட்டிதான் உலகிலேயே பிரியமானவர், ஆனால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால், 'நலமாக இருக்கட்டும்' என்றதும் துக்கம்தான் பொங்கும். உயிரோடு இருக்கும் ஒருவரையே எடுங்கள். தன்னிடம் தொடங்குவதுதான் மரபு. அது சிலருக்குக் கூச்சமாக, பொய்யாகக்கூட இருக்கும். அவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையில் தொடங்கிப் பிறகு தனக்கு வரட்டும், குடி முழுகிப்போகாது.

எங்கள் கணக்கில் பலன் அந்த மூன்றாவது ஆளிடம்தான் இருக்கிறது. அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அவர் முகமே நினைவுக்கு வராது. டார்ச் வெளிச்சமும் விசில் சத்தமும்தான் வரும். ஞாபகத்தில் இல்லாத முகத்துக்கு நல்லது நினைக்க முடியாதே என்று மறுநாள் கேட்டைத் தாண்டும்போது கண் தானாக அவரைத் தேடும். மூன்றாவது வாரத்தில், அவர் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்திருப்பது தெரியவரும். இத்தனை வருஷமாக அது அப்படியேதான் இருந்திருக்கும். இரக்கம் இந்தப் பார்வையில் தொடங்குகிறது. நெஞ்சு உருகியதா இல்லையா என்று உட்கார்ந்த இடத்தில் சோதித்துக்கொண்டிருப்பது வீண்வேலை.

2013இல் பால் காண்டன் குழு வெளியிட்ட ஆய்வும் இப்படி வெளியில்தான் சோதித்தது. 8 வாரம் தியானம் பழகியவர்களைக் காத்திருப்பு அறையில் மிச்சமிருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முனகியபடி வந்து நின்றார். பழகியவர்களில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகாதவர்களில் ஆறில் ஒருவர்தான். ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 39 பேர். 2018இல் ஊட்டே க்ரெப்லின் குழு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, தியானம் சொல்லித்தந்தவரே கட்டுரையின் இணை ஆசிரியராக இருந்த ஆய்வுகளிலும், ஒப்பிட்ட குழு எதுவும் செய்யாமல் சும்மா இருந்த ஆய்வுகளிலும்தான் இரக்கம் கூடியதாகத் தெரிந்தது. ஆகவே 'அறிவியலே நிரூபித்துவிட்டது' என்று விற்கும் ஆப்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இரண்டாம் மாதம் ஒரு வறட்சி வரும். வாக்கியங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஓடும். வேகம் கூடிவிட்டதுதான் காரணம். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு மூச்சைச் சும்மா விடுங்கள், வாக்கியங்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறையுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறு நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வரும். பிறர் வலியைத் தன் வலியாக்கிக்கொண்டு தொண்டை அடைத்து, சோர்ந்து எழுந்திருப்பார்கள். அது கருணை மாதிரியே வேஷம் போடும் துயரம். விசுத்திமக்கம் இதைக் கருணையின் கிட்டத்துப் பகை என்கிறது. மூளை ஆய்வாளர்கள் டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த ஆய்விலும், பிறர் வலியை அப்படியே உணரப் பழகியவர்களுக்கு மனம் கனத்தது. நல்லெண்ணப் பயிற்சிக்குப் பிறகு அது இறங்கியது. தொண்டை அடைத்தால் அந்த வலியின் படத்தை விட்டுவிட்டு, 'நலமாக இருக்கட்டும்' என்பதற்குத் திரும்புங்கள். பழைய காயங்களின் நினைவு அலையலையாக வந்தால் கண்ணைத் திறந்து நிறுத்திவிட வேண்டும்; மல்லுக்கட்டக் கூடாது. தொடர்ந்து வந்தால் மனநல மருத்துவரிடம் போவதே சரி.

பிடிக்காதவரை மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும். அதுவும் கேட்டை மறித்து பைக் நிறுத்துகிறவர் அளவுக்கு. அடித்துத் துன்புறுத்தியவர் வேண்டவே வேண்டாம். பைக்காரருக்கு நல்லது நினைப்பதால் பைக்கை எடுக்கச் சொல்லக் கூடாது என்று ஆகாது. சொல்லுங்கள். ஒரு வருஷத்தில் மாறுவது அந்தக் குரல்தான். கோபம் வரும், ஆனால் வந்ததும் தெரியும், வாய் திறப்பதற்கு முன் ஒரு மூச்சளவு இடம் இருக்கும். வீட்டு மனிதர்களிடம் இது கடைசியாகத்தான் வரும், ஏன் என்று கேட்டால் வீட்டில் உள்ள எல்லோரும் சிரிப்பார்கள்.

நாள் விட்டுப்போனால் மறுநாள் 40 நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். பஸ்ஸில் முன்சீட்டில் தூங்கிவழிகிற தலைக்கு நான்கு மூச்சு போதும்.