வருமானம் தரும் மனையா, பராமரிப்பு தின்னும் பாலமா?

ஊர்ச் சொத்தை ஊராரே வாங்கி, தொழில் நடத்தி, மிஞ்சுவதை அந்த ஊருக்கே செலவழிப்பது பிரிட்டனில் பல இடங்களில் நடக்கிறது. எல்லாம் ஒன்றுபோல் தேறவில்லை. எது தேறும் என்பதற்கு, என் கணக்கில், எந்தச் சொத்தை எடுத்தார்கள் என்பதே பாதி விடை.

லண்டன், தேம்ஸின் தென்கரை. காயின் ஸ்ட்ரீட்டில் உயரமான அலுவலகக் கட்டடங்கள் வரக்கூடாது, வீடுகள்தான் வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1984-இல் 13 ஏக்கரைப் பெருநகர மன்றத்திடமிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். இன்னதுதான் கட்டலாம் என்று நிபந்தனை இருந்ததால் விலை இறங்கியது. வாங்கிய கடனை அடைக்க, காலி மனையில் காசுக்கு கார் நிறுத்த விட்டார்கள்! கண்ணுக்கு அழகில்லை, ஆனால் தினமும் காசு வந்தது. பிறகு அந்த இடத்திலேயே இருந்த பழைய கட்டடமான ஆக்ஸோ டவரைப் புதுப்பித்தார்கள்: உச்சியில் உயர்தர உணவகம், கீழே கைவினைஞர் கடைகள், இடையில் 78 கூட்டுறவு வீடுகள்.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸ் இதற்கு நேர் எதிர். கரையிலிருந்து கடலுக்குள் நீளும், மக்கள் உலாவப் போகும் கடற்பாலம் அங்கே உண்டு; 2010-இல் தீயில் கருகிய அதை மீட்க ஊரே திரண்டது. சுமார் 3,000 பேர் பங்கு வாங்கினார்கள். பெருந்தொகை, தேசிய லாட்டரி வருமானத்திலிருந்து பொதுப்பணிகளுக்குத் தரும் மானிய நிதியிலிருந்து வந்தது. 2016-இல் பாலம் திறந்தது, 2017 அக்டோபரில் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசும் கிடைத்தது. அடுத்த மாதமே திவால் நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது. மறு ஆண்டு தனியார் ஒருவர் வாங்கிக்கொண்டார். கட்ட மானியம் கிடைத்தது; உப்புக்காற்றில் நிற்கும் இரும்புக்கால்களை ஆண்டுதோறும் பராமரிக்க யார் தருவார்கள்? மேல்தளம் பெரும்பாலும் திறந்தவெளி, வாடகைக்கு விட அதிகம் இல்லை. அந்த வெறுமைக்குத்தான் நடுவர்கள் மயங்கினார்கள்.

ஸ்காட்லாந்தின் எய்க் தீவு மூன்றாவது வழி. 1997-இல் தீவையே 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய அறக்கட்டளை, 2008 முதல் நீர், காற்று, சூரியனிலிருந்து சொந்த மின்சாரம் தருகிறது. வீட்டுக்கு 5 கிலோவாட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் இழுக்க முடியாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில் இந்தக் கட்டுப்பாடு செல்லும். நகரத்தில் செல்லுமா என்பது சந்தேகம்.

எனக்குத் தேர்வு காயின் ஸ்ட்ரீட்தான், ஒரு நெருடலோடு. உயரக் கட்டடங்களை எதிர்த்துப் பிறந்த அமைப்பே, பின்னாளில் ஊருக்கு நீச்சல்குளம் கட்டப் பணம் வேண்டி 43 மாடிக் கோபுரத் திட்டத்தோடு வந்து நின்றது. எதிர்த்தவர்களில் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள்.