மீண்டு வந்த மர்மத் தொடர்: ஆறு எபிசோடா, பதினெட்டா?

பழைய அமானுஷ்யத் தொடர் திரும்பி வருகிறதென்றால், முதலில் எபிசோடு எண்ணிக்கையைப் பாருங்கள். 2016இல் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ வந்தது வெறும் 6 எபிசோடுகளோடு. மூன்றாவதில் வரும் பல்லி மனிதன் கதையில் பழைய ருசி அப்படியே இருந்தது. முதலும் கடைசியும்தான் சறுக்கல்: வருடக்கணக்கில் விரிய வேண்டிய சதிக் கதையைத் திணித்து அடைத்தார்கள். கொள்ளைநோயோடு அந்தரத்தில் விட்ட முடிவு, 2018இல் நாயகி ஸ்கல்லி மனக்கண்ணில் கண்ட வெறும் காட்சியாகிவிட்டது. காத்திருந்தவர்களுக்கு வலிக்காதா?

2017இன் ‘ட்வின் பீக்ஸ்’ 18 பகுதிகள். அத்தனையும் டேவிட் லிஞ்ச் இயக்கம். நாயகன் கூப்பர் முழுதாகத் தன்னிலைக்கு வருவதே 16ஆம் பகுதியில்தான். பொறுமை வேண்டும், உண்மை. ஆனால் அவர் மருத்துவமனைக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சற்றைக்கெல்லாம் அந்தப் பழைய முகப்பிசை எழும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆறு எபிசோடில் அதற்கு இடமே இருந்திருக்காது.