ஓடும்போதே அணைந்த கார்: 14 மாதத் தேடல், அதன்பின் 16 மாதம்

என் கார் 20 வயதைத் தாண்டியது. இன்ஜெக்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், ஓடியது 1,80,000 கிலோமீட்டருக்கு மேல். மைலேஜிலும் இழுவையிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரே ஒரு வியாதிதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். சில சமயம் இரண்டு நாளில் இரண்டு முறை. சில சமயம் மூன்று வாரம் ஒன்றுமே நடக்காது. மெக்கானிக்கின் முன்னால் மட்டும் ஒருநாளும் அணைந்ததில்லை.

முதல் முறை நான்காவது கியரில், 60 கிலோமீட்டர் வேகத்தில். குலுங்கவில்லை, இருமவில்லை. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. அதன் அடியில் எப்போதும் கேட்கும் இன்ஜின் சத்தம் மட்டும் காணாமல் போயிருந்தது. ஸ்டியரிங் கனத்தது. பிரேக் முதல் இரண்டு மிதிக்கு வழக்கம்போல் பிடித்தது, மூன்றாவது மிதி கல்லை மிதித்ததுபோல் இருந்தது. பிரேக் மிதிக்குக் கைகொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் அவ்வளவுதான். (இப்படி ஆனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.) எத்தனை முறை சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது. 20 நிமிடம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல் முதல் சாவியிலேயே கிளம்பியது.

அடுத்த நான்கு மாதம் நான் செய்ததெல்லாம் குருட்டாம்போக்கு. ஒருமுறை அணைந்த இடத்துக்கே ஒரு மெக்கானிக் வந்துவிட்டார். ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு டேங்க் பக்கம் காது வைத்தவர், “பம்ப் ஓடவே இல்லை, சார்” என்றார். உண்மைதான், ஓடவில்லை. பம்ப்பை மாற்றினோம். இரண்டு வாரத்தில் மறுபடியும் அணைந்தது. பிறகு ஸ்பார்க் பிளக், பிறகு இக்னிஷன் காயில், பிறகு இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரி நீக்கம். எல்லாம் புதிதாக இருந்த அழகான இன்ஜின், ஒன்பதாவது நாள் ஒரு திருப்பத்தில் அணைந்தது.

பம்ப் ஏன் ஓடவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சாவியைப் போட்டதும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி பம்ப்பை ஓரிரு விநாடி ஓட்டி அழுத்தம் ஏற்றிவிட்டு நிறுத்திவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல், இன்ஜின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால்தான் தொடர்ந்து ஓட்டும். விபத்தில் இன்ஜின் நின்றபின் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆக, அந்தச் சிக்னல் அறுந்தால் பம்ப், இன்ஜெக்டர், பிளக்கின் தீப்பொறி மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். நிற்கும் பம்ப்பைப் பார்த்துப் பம்ப்பைக் குற்றம் சொல்வது, விளக்கு எரியவில்லை என்று ஸ்விட்சைப் பார்க்காமல் பல்பை மாற்றுவதுபோல.

அப்போதுதான் ஒரு 40 பக்க நோட்டை டேஷ்போர்டு அறையில் போட்டேன். தேதி, கிளம்பி எத்தனை நிமிடம், வெப்பமுள் எங்கே, டேங்கில் எவ்வளவு, எப்படி அணைந்தது, எத்தனை நிமிடத்தில் திரும்பக் கிளம்பியது. ஒன்பது பதிவு சேர்ந்ததும் உட்கார்ந்து படித்தேன். குளிர்ந்த இன்ஜின் ஒருமுறைகூட அணையவில்லை. எல்லாமே 25 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு. டேங்க் நிரம்பியிருந்தபோதும் அணைந்திருக்கிறது, காலியாக இருந்தபோதும் அணைந்திருக்கிறது. ஐந்து முறை, கடைக்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பியபின். நிறுத்திய இன்ஜினில் காற்றோட்டமும் தண்ணீர் ஓட்டமும் இல்லாததால் சூடு கொஞ்ச நேரம் இன்னும் ஏறும்.

இதில் ‘எப்படி அணைந்தது’ என்ற பத்திதான் தங்கம். பெட்ரோல் போதாமல் சாகும் இன்ஜின் திணறும், இழுக்கும், மிதித்தால் தயங்கும், ஓரிரு உதறலோடு அடங்கும். மின்சாரம் அறுந்து சாகும் இன்ஜின் ஸ்விட்சை அணைத்ததுபோல் சட்டென அணையும். என்னுடையது ஒன்பது முறையும் இரண்டாம் வகை.

பத்தாவது முறை, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்க்கத் தயாராக இருந்தேன். அணைந்ததும் கிளட்சை மிதிக்கவில்லை. வண்டி கியரிலேயே உருண்டது. சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. இன்ஜின் சுற்றுகிறது, கணினிப் பெட்டிக்கு அது தெரியவில்லை. என் வண்டியில் டாக்கோமீட்டருக்கும் அதே கிராங்க் சிக்னல்தான். 14 மாதத் தேடலில் எனக்குக் கிடைத்த மிக நல்ல மூன்று விநாடி அது.

கணினிப் பெட்டியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் ஸ்கேனர் அதுவரை வாய் திறக்கவில்லை. பழைய வண்டியின் கணினிப் பெட்டி ஒரு பிழையைக் கண்டுகொள்ள அது கொஞ்ச நேரம் நீடிக்க வேண்டும். மலிவான ஸ்கேனரோ விநாடிக்குச் சில முறைதான் எண்களைப் புதுப்பிக்கும். இடையில் நொடிப்பொழுது அறுந்து ஒட்டியதை இரண்டும் தவறவிடும். பிழைக்குறி இல்லை என்பதைப் பழுதில்லை என்று நான் படித்தது என் தவறு. பிற்பாடு ஒருநாள் பி0335 என்று காட்டியது: கிராங்க் சென்சார் மின்சுற்று. கவனிக்கவும், சென்சார் என்று சொல்லவில்லை, ஒயரும் சேர்ந்த மின்சுற்று என்றுதான் சொன்னது. நான் கவனிக்கவில்லை.

புதுச் சென்சார் போட்டோம். 19 நாள் நிம்மதி. சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் கண்டுபிடித்த கதையைச் சொல்லித் தீர்த்தேன். 20-ஆம் நாள் அணைந்தது. நோட்டைத் திருப்பினால், அதற்கு முன்பே 22 நாள் சும்மா இருந்த இடைவெளி ஒன்று இருக்கிறது. 19 நாளை வைத்து எதை நிரூபித்தேன் என்று தெரியவில்லை. சென்சாரை மாற்றும்போது ஒயரைக் கையால் புரட்டியிருக்கிறோம். அறுந்த இடம் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

இந்த முறை இன்ஜின் நன்றாகச் சூடானபின் அணைத்து, கணினிப் பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, அந்த முனையில் மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வைத்தோம். சென்சாரிலேயே வைத்திருந்தால் ஒயர் சோதனைக்குள் வந்திருக்காது. 900 ஓம் சொச்சம் காட்டியது. மெக்கானிக் ஒயர்க்கட்டை ஒரு முனையிலிருந்து அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டே வந்தார். சென்சாரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பிராக்கெட்டை ஒட்டி வளையும் இடத்தில் எண் சட்டென்று மறைந்தது. விட்டால் 900, மடக்கினால் ஒன்றுமில்லை. வெளியே உறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் தொட்டால் மட்டும் தெரிந்தது: மற்ற இடங்களில் விறைப்பாக நின்ற ஒயர், அங்கே எலும்பில்லாத விரல்போல் மடிந்தது. உறையைக் கீறிப் பார்த்தோம். செம்பு இழைகள் பச்சை பூத்து இற்றுப்போய், நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தன. சூட்டில் உறை இளகி, இன்ஜினின் ஆட்டத்தில் நுனிகள் விலகும். ஆறினால் மறுபடி தொடும்.

புது ஒயர் துண்டு வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, வெளியே சுற்றியிருக்கும் காப்பு வலையையும் மறக்காமல் இணைத்தோம். சைலன்சர் குழாயிலிருந்து இன்னும் தள்ளிக் கட்டினோம். பழைய சென்சாரைச் சூடாக்கி அளந்தால் குறையே இல்லை. இப்போது டிக்கியில் ஸ்பேராக இருக்கிறது.

வாங்கிய கருவிகளில் அதிகம் உழைத்தது மல்டிமீட்டர். ஸ்கேனர் பரவாயில்லை, நேரடி எண்களைப் பார்க்க உதவும். வாங்காமல் விட்டுப் பிறகு நொந்தது எரிபொருள் அழுத்தமானி: வண்டி ஓடும்போதே அதைக் கட்டிவைத்திருந்தால், இன்ஜின் அணைந்த நொடியிலும் அழுத்தம் இறங்கவில்லை என்று கண்ணால் பார்த்திருப்பேன், ஒரு நல்ல பம்ப் குப்பைக்குப் போயிருக்காது.

அதன்பின் 16 மாதம், 13,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நோட்டில் ஒரே ஒரு புதுப் பதிவு. சாலைச் சிக்னலில் நிற்கும்போது ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கி, இரண்டு உதறு உதறி, திணறி அணைந்தது, உடனே கிளம்பியது. ‘எப்படி அணைந்தது’ பத்தியில் ‘திணறி’ என்று முதன்முதலாக எழுதினேன். ஒயர்க்கட்டைத் தொடவே இல்லை. த்ராட்டில் பாடியில் மறுபடி கரி சேர்ந்திருந்தது. துடைத்துப் போட்டேன், ஐடில் 800-இல் நிற்கிறது.