அன்டெனாவா, டேட்டாவா? போனில் டிவி பார்க்கும் வழிகளைப் பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு கணக்கு

பக்கத்து வீட்டுப் பொடியன்கள் ‘அவுட்!’ என்று கத்துகிறார்கள். என் போனில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் மட்ச் நடக்கிற இரவுகளில் இதே கதைதான். அவர்கள் வீட்டுக் கூரையில் ஒரு பழைய மீன்முள் அன்டெனா, கடல்காற்றில் துருவேறி இரண்டு கம்பி வளைந்துபோனது. என்னிடம் நல்ல போன், மாதாமாதம் காசு கட்டுகிற டேட்டா. இருந்தும் எனக்கு விக்கெட் அரை நிமிடம் பிந்தித்தான் விழுகிறது, அதுவும் அவர்கள் கத்தி முடித்துத் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு.

போனுக்கு டிவியை எப்படிக் கொண்டுவருவது என்று உலகம் முழுக்க இருபது வருடமாக ஒரு போட்டி நடந்தது. அதில் யார் யார் ஓடினார்கள், யார் எங்கே விழுந்தார்கள், எங்கள் ஊருக்கு எது சரிவந்திருக்கும் என்று கொஞ்சநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடிப்படை வித்தியாசம் ஒன்றுதான். ஆப் வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பிரதி வருகிறது. கோயில் திருவிழா அறிவித்தலை வீடு வீடாகப் போன் எடுத்துச் சொல்வது மாதிரி. ஒளிபரப்பு என்பது கோயில் லவுட்ஸ்பீக்கர்: பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கரண்ட் செலவு ஒன்றே. ஒரு செல் டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் இருக்கிற எல்லோரும் பங்குபோட வேண்டும் என்பதால், இறுதிப்போட்டி அன்று ஊரே ஒரே நேரத்தில் ஆப்பைத் திறந்தால் நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கிவிடும்.

காசுக் கணக்கும் பாருங்கள். சுமாரான தரத்தில் நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 450 எம்பி போகும். மூன்றரை மணி நேர டி20 மட்ச் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபிக்கு மேல். வீட்டில் வைஃபை இருப்பவருக்கு இது ஒன்றுமில்லை, ஆனால் நூறு ரூபாய் ரீலோட் போட்டு நாளைத் தள்ளுகிறவருக்கு ஒரு மட்ச்சோடு அந்த ரீலோட் முடிந்தது.

சரி, மறுபக்கம். எங்களில் பலருக்குப் போனில் டிவி என்றால் முதலில் ஞாபகம் வருவது சைனா போன்தான். மேலே ஒரு மூலையில் மடக்குக் கம்பி, இழுத்தால் ஒரு முழம் நீளும். இரண்டு சிம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர், டிவி. டச்பே கடற்கரையில் கச்சான் பொட்டலத்தோடு உட்கார்ந்து நாலு பேர் ஒரு போனுக்குள் தலையை நுழைத்து மட்ச் பார்த்திருக்கிறோம். ஒருவன் போனைப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் படம் புழுதியாகிவிடும். அது டிஜிட்டல் இல்லை, வீட்டு டிவிக்கு வருகிற அதே அனலாக் அலையைத்தான் பிடித்தது. தரம் மோசம், பேட்டரி ஒரு மட்ச்சுக்குத் தாங்காது. ஆனால் ஒரு சதமும் செலவில்லை, பக்கத்து வீட்டோடு சேர்ந்தே கத்தலாம்.

அதே காலத்தில் பணக்கார நாடுகளில் மொபைல் டிவிக்கென்றே புதுத் தொழில்நுட்பங்கள் வந்துகொண்டிருந்தன. ஐரோப்பாவின் பந்தயக் குதிரை டிவிபி-எச். 2004இல் தர நிர்ணயமானது, நோக்கியா முழு மூச்சாகப் பின்னால் நின்றது, என்92, என்77, என்96 என்று போன்களும் வந்தன. மூளை என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் பரிசு. வீட்டு டிவியின் ரிசீவர் எல்லாச் சேனலும் வருகிற அலையை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். போன் அப்படிக் கேட்டால் பேட்டரி செத்துவிடும். டிவிபி-எச் ஒரு சேனலுக்குரிய தரவைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி அனுப்பும். போன் தன் மூட்டை வருகிற நொடியில் மட்டும் விழித்து வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கிவிடும். ரிசீவருக்குப் போகிற மின்சாரத்தில் 90 சதவீதம் வரை இப்படி மிச்சம்.

இவ்வளவு கெட்டிக்காரக் குதிரை ஏன் படுத்தது? கூரை அன்டெனாவுக்குப் பத்து மீற்றர் உயரத்தில் வெளியிலே நல்ல சிக்னல் கிடைக்கும், சட்டைப்பையில் இருக்கிற போனுக்கு அது கிடைக்காது. 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீற்றர், அதில் கால்வாசி அன்டெனா என்றாலே 15 சென்டிமீற்றர், அதைப் போனுக்குள் எங்கே ஒளிப்பது? அதனால் டவர்களை நெருக்கமாகப் போட வேண்டும், அதற்குப் பெருங்காசு வேண்டும், அந்தக் காசை எடுக்கச் சந்தா வாங்க வேண்டும், சந்தா என்றதும் காசு கட்டாதவர் பார்க்காமலிருக்க சிக்னலுக்குப் பூட்டு, பூட்டு என்றதும் எந்தப் பூட்டு முறை என்று அவர்களுக்குள்ளேயே பிடுங்குப்பாடு. இத்தாலியில் 2006 உலகக் கிண்ணக் கால்பந்துக்குச் சரியாகத் தொடங்கினார்கள். 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் இதுதான் எங்கள் விருப்பத் தெரிவு என்று அறிவித்தது. அதே 2008இல் ஜேர்மனியில் போன் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? வீட்டு டிவிக்கு வருகிற சாதாரண இலவச டிஜிட்டல் அலையைப் பிடிக்கிற போனை விற்கத் தொடங்கின. இலவசமாக வருவதைப் போனே பிடிக்கும்போது சந்தா கட்ட யார் வருவார்? ஜேர்மன் டிவிபி-எச் கதை அங்கேயே முடிந்தது.

அமெரிக்காவின் மொபைல் டிவிச் சேவையான மீடியாஃப்ளோவும் அதே சந்தா வழியில் 2007இல் தொடங்கி 2011 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் அலைவரிசையை மட்டும் 192.5 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டி வாங்கியது. செத்த மாட்டின் தோல் உயிருள்ள மாட்டைவிட விலைபோன கதை.

தென்கொரியாவின் டி-டிஎம்பி வேறு ரகம். டிஜிட்டல் வானொலிக்கான முறையையே கொஞ்சம் வளர்த்து 2005 டிசம்பர் 1ஆம் திகதி தொடங்கினார்கள், இலவசம். சுரங்க ரயிலுக்குள்ளும் படம் வரும்படி செய்தார்கள். பார்க்க ஆளுக்குக் குறைவில்லை, விளம்பரக் காசுதான் போதவில்லை. சந்தா வைத்தால் ஆள் வராது, வைக்காவிட்டால் காசு வராது. இரண்டு பக்கமும் இடி.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் ஒன்செக். காரணம் எளிமை. அங்கே ஒரு டிவி சேனலின் அகலத்தை 13 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 12 துண்டு வீட்டுப் பெரிய டிவிக்கு, நடுவில் இருக்கிற ஒரே ஒரு துண்டு போனுக்கு. அந்த ஒரு துண்டால்தான் ஒன்செக் என்று பெயர். தனி டவர் வேண்டாம், தனி அலைவரிசை வேண்டாம், சந்தா வேண்டாம். வீட்டுக்கு ஒளிபரப்புகிற அதே டவர், அதே நேரம், போனுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறது. படம் 320க்கு 180 புள்ளிகள், நொடிக்கு 15 சட்டகம், அதாவது இன்றைய கண்ணுக்கு முத்திரை அளவுப் படம். பந்து எங்கே போனது என்று கமென்ட்ரியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கியது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தன்று போன் இணைப்புகள் நெரிசலில் அடைபட்டபோது பலருக்கு ஒன்செக்கில்தான் செய்தி கிடைத்தது. ஆனால் ஐபோனுக்குள் அது நுழையவே இல்லை, மற்றப் போன்களும் மெல்ல மெல்லக் கைவிட்டன. இலவசம் என்று சொன்னேன், அதிலும் ஒரு கொக்கி: ஒன்செக் போன் வைத்திருப்பவர் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கட்டணம் கட்டத்தான் வேண்டும் என்று 2019இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது ஏன் நமக்கு முக்கியம்? இலங்கை தெரிவுசெய்த டிஜிட்டல் முறையும் இதே ஜப்பான் முறைதான், ஐஎஸ்டிபி-டி. அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்த 2014 செப்டம்பரில் இரண்டு நாடும் அதற்குக் கைகொடுத்தன. போனுக்கான துண்டு அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது, யாரும் தனியாக வாங்கத் தேவையில்லை. சுனாமி, பூகம்பம் என்றால் ரிசீவரை எழுப்பி எச்சரிக்கை காட்டுகிற வசதியும் அதற்குள் உண்டு. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையில் இருந்துகொண்டு அதைச் சும்மா ஒரு வசதி என்று சொல்ல முடியாது. ஒப்பந்தம் போட்டுப் பத்து வருடம் தாண்டிவிட்டது, எங்கள் கூரைகளில் இன்னும் மீன்முள்தான். இதற்கிடையில் ஒன்செக் பிடிக்கிற போன்களும் கடையிலிருந்து போய்விட்டன. மாப்பிள்ளை வருவதற்குள் பந்தலைப் பிரித்த மாதிரி.

எங்கள் ஊர் நிலைமைக்கு ஆப் மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று கடல். என் சித்தப்பா என்ஜின் பூட்டிய வள்ளத்தில் இரவில் வலைக்குப் போகிறவர். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். கடைசியில் இணைப்பு அறுவதற்கு டவர் சத்தம் போனுக்கு எட்டாதது பாதிக் காரணம்தான், போனின் சின்னக் குரல் டவருக்கு எட்டாததுதான் மீதி. டேட்டா என்றால் இரண்டு பக்கமும் கதைத்தாக வேண்டும், ஒளிபரப்புக்குக் கேட்டால் போதும். நூறு மீற்றர் உயரத்தில் ஒரு ஒளிபரப்பு அன்டெனா இருந்தால், பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும், காற்றில் அலை கொஞ்சம் வளைவதையும் சேர்த்தால், வள்ளத்தில் இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கிற போனுக்கு 47 கிலோமீற்றர் வரை அலை நேரே எட்ட வழி உண்டு. நிலாவெளிப் பக்கம் ஜேர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையத்துக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஒலிபரப்பு அலை எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது புயல். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்கு வடக்கே கரையேறியபோது எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. போனில் ஒரு கோடு நின்றது, ஆனால் செய்தி ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மா அலுமாரிக்கு மேலிருந்து பேட்டரி ரேடியோவை எடுத்து, டோர்ச்சிலிருந்த இரண்டு பேட்டரியைக் கழற்றிப் போட்டார். அன்று இரவு புயல் எங்கே நிற்கிறது என்று எங்களுக்குச் சொன்னது அதுதான். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஒரு முருங்கை மரம் மட்டும் விழுந்தது.

இப்போது புதிதாக இரண்டு போட்டியாளர்கள். டேட்டா இல்லாமல் டிவியை நேரே போனுக்கு ஒளிபரப்பும் இந்தியாவின் டைரக்ட் டு மொபைல் ஒன்று. தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் போனுக்கு டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது, அதற்குப் போனில் ஒரு டொங்கிள் செருக வேண்டியிருந்தது, யார் செருகுவார்? இப்போது ஏடிஎஸ்சி 3.0 என்ற அமெரிக்க டிஜிட்டல் டிவி முறையில், சிப்பையே போனுக்குள் வைக்கும்படி ஐஐடி கான்பூரும் சிப் கம்பெனியான சாங்க்யா லேப்ஸும் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் முயல்கின்றன. 2023இல் சாம்சங்கும் போன் சிப் செய்யும் குவால்காமும் எதிர்ப்புத் தெரிவித்தன. போன் ஒன்றுக்கு 30 டாலர் கூடும் என்பது அவர்கள் வாதம். டிவிபி-எச் விழுந்த அதே குழிதான் எனக்குத் தெரிகிறது: சிப் இல்லாததால் போன் இல்லை, போன் இல்லாததால் பார்வையாளர் இல்லை, பார்வையாளர் இல்லாததால் சிப் இல்லை.

மற்றது 5ஜி பிராட்காஸ்ட். ஜேர்மனியில் பவேரியாவில் 2019 வரை நடந்த பரிசோதனையில் உயரமான டவர், அதிக சக்தி என்று பழைய டிவி பாணியிலேயே அனுப்பிப் பார்த்தார்கள். சிம் இல்லாமலும் பிடிக்கலாம், டேட்டா குறையாது. மொபைல் வலையமைப்பின் தரங்களுக்குள்ளேயே பிறந்தது என்பதால், போன் மோடத்துக்கு இது அந்நியன் இல்லை என்பதுதான் மற்ற எல்லாரையும்விட இதற்கு இருக்கிற ஒரே பலம். ஆனாலும் போன் கம்பெனி மனம் வைத்து அதைத் திறந்துவிட வேண்டும்.

என் தெரிவு என்ன என்று கேட்டால்: இன்றைக்கு வீட்டில், டவர் பக்கத்தில், ஆப்தான். வேறு பேச்சில்லை, தரமும் வசதியும் அங்கேதான், விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம், பின்னுக்கு ஓட்டலாம். 2010இல் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்செக் என்று சொல்லியிருப்பேன். இனி வருவதில் டைரக்ட் டு மொபைலைவிட 5ஜி பிராட்காஸ்ட்டுக்குத்தான் கொஞ்சம் நம்பிக்கை வைப்பேன், ஆனால் அதை நம்பி அம்மாவின் ரேடியோவைத் தூக்கி எறிய மாட்டேன்.

போன கிழமை இதையெல்லாம் சித்தப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னேன், 13 துண்டுக் கணக்கு உட்பட. வலையில் பொத்தல் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அதெல்லாம் சரி தம்பி, அந்தக் கம்பி இழுக்கிற சைனா போன் இப்ப எங்கயாவது வாங்கலாமா?” என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அனலாக் ஒளிபரப்பு நிற்கும்வரை இந்த ஊரில் டேட்டா இல்லாமல் டிவி பிடிக்கக்கூடிய போன் அது ஒன்றுதான். என் பழையதை லாச்சிக்குள் தேடி எடுத்தேன். பேட்டரி ஊதிப்போய் இருக்கிறது, கம்பி மட்டும் இன்னும் சுகமாக நீள்கிறது.